வெள்ளைக் கோட்டு போட்டவர் என்ன படிச்சிருக்கார்?

போன மாசம் ஒரு அம்மா மூணாவது படிக்கிற பையனக் கூட்டிட்டு வந்தாங்க. கையில ரெண்டு கண்ணாடி, ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு எடுத்தது, ரெண்டுமே மைனஸ் ரெண்டரை. போட்டா தலை வலிக்குதுங்கறான், கழட்டி வெச்சா ஸ்கூல்ல மிஸ் திட்றாங்க. யாரும்மா பாத்தாங்கன்னு கேட்டேன். "கடையிலயே டாக்டர் இருந்தாரு சார், வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாரு."

எங்ககிட்ட இன்டர்ன்ஷிப் பண்ற நாலாம் வருஷ ஆப்டோமெட்ரி (கண் பவர் பாக்கற படிப்பு) பொண்ணுதான் முதல்ல பாத்தா. அஞ்சு நிமிஷத்துல எங்கிட்ட வந்து, "சார், லைட் அடிச்சா கண்ணுக்குள்ள தெரியற ரிஃப்ளெக்ஸ் நிலையா நிக்க மாட்டேங்குது, மாறிட்டே இருக்கு, சொட்டு போட்டுப் பாக்கலாமா"ன்னா. டாக்டர்கிட்ட சொல்லி கண்ணு இறுக்கத்தத் தளர்த்தற மருந்து விட்டு முக்கால் மணி நேரம் உக்கார வெச்சு மறுபடி பாத்தா பையனுக்கு மைனஸே இல்ல, ப்ளஸ் ஒண்ணு. அதாவது அவனுக்கு வேண்டியதுக்கு நேர் எதிர்ப் பக்கத்துல ரெண்டு கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்காங்க.

இது எப்படி நடக்குதுன்னா, கடையில இருக்கற, தானா பவர் அளக்கற ஆட்டோ ரெஃப் மிஷினுக்குள்ள ஒரு ரோடும் ரோட்டுக் கடைசில ஒரு பலூனும் தெரியும், நீங்களும் பாத்திருப்பீங்க. பெரியவங்களுக்கு அது தூரத்துல இருக்கற மாதிரி தோணும். சின்னப் பிள்ளைங்க பெட்டிக்குள்ளதானே இருக்குன்னு கிட்டப் பாக்கற மாதிரி கண்ண இறுக்கிடுவாங்க, அவங்க கண்ணு லென்ஸுக்கு அந்த வலு ரொம்ப ஜாஸ்தி. மிஷின் அத அப்படியே மைனஸ்னு சீட்டு அடிச்சுத் தள்ளிடும். மிஷின் மேல தப்பு இல்லைங்க, அந்த சீட்டுல இருந்துதான் பரிசோதனையே ஆரம்பிக்கணும், கடையில சீட்டு வந்ததும் பில் போட்டுடறாங்க.

நான் ஆப்டோமெட்ரி சேர்ந்தப்ப எங்க சித்தப்பா கேட்டார், "கண்ணாடிக் கடை வெக்கறதுக்கு எதுக்குடா நாலு வருஷம்?" அப்போ எனக்கு பதில் சொல்லத் தெரியல. நாலு வருஷத்துல மூணு வருஷம் பாடம், ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். பாடம் படிச்சு பாஸ் பண்ணிடலாம், ஆனா லைட் அடிச்சு பவர் பாக்கற ரெட்டினோஸ்கோப்பு கைக்கு வர்றது வேற கதை. இருட்டு ரூம்ல 66 சென்டிமீட்டர் தள்ளி உக்காந்து கண்ணுக்குள்ள லைட்ட ஆட்டினா கண் பாப்பாவுக்குள்ள ஒரு வெளிச்சம் நகரும், கூடவே வந்தா ப்ளஸ் லென்ஸ் சேக்கணும், எதிர்ப் பக்கம் ஓடினா மைனஸ், கடைசில நீங்க உக்காந்த தூரத்துக்காக ஒன்றரை பவர் கழிக்கணும். சொல்ல அவ்வளவுதான். முதல்ல பொம்மைக் கண்ணுல பழகுவோம், அப்புறம் ஒருத்தருக்கொருத்தர், அப்புறம்தான் நிஜ பேஷன்ட், அதுல ஒருத்தருக்கு புரை மூடி வெளிச்சமே மங்கலா இருக்கும், ஒரு குழந்தை ஒரு செகண்ட் உக்காராது, எப்பவும் கண்ணக் கசக்கற காலேஜ் பையனுக்கு வெளிச்சம் கத்திரிக்கோல் மாதிரி ரெண்டா பிரிஞ்சு மூடும். அந்தக் கடைசிக் கேஸ விட்டுடக் கூடாது, கருவிழி கூம்பாயிட்டிருக்குன்னு அர்த்தம், சீக்கிரம் அனுப்பினா டாக்டர் அது மேல போகாம நிறுத்த முடியும். இது ஒண்ணுமே கிளாஸ்ல காட்டற பவர்பாயின்ட்ல வராது. ஆனா சில காலேஜ்ல பேட்ச் முழுசுக்கும் கண்ணப் பெருசாக்கிப் பாக்கற ஸ்லிட் லேம்ப் ஒண்ணே ஒண்ணுதான், அங்க படிச்சிட்டு வர்ற பிள்ளைங்க எங்ககிட்ட வந்துதான் முதல் தடவ அதத் தொடுதுங்க. பிள்ளைங்களச் சொல்லி என்ன பண்றது.

நம்ம நாட்டுல இந்தப் படிப்புக்கு வயசு கம்மி ஒண்ணும் இல்ல. அலிகார் காந்தி கண் ஆஸ்பத்திரில 1958லயே டிப்ளமா ஆரம்பிச்சிட்டாங்க. நாலு வருஷ டிகிரின்னு வழி போட்டது நம்ம சென்னைதான், 1985ல சங்கர நேத்ராலயா ஆரம்பிச்ச எலைட் ஆப்டோமெட்ரி ஸ்கூல், பிலானி பிட்ஸோட சேந்து நடத்தினாங்க. மதுரை அரவிந்த் வேற மாதிரி யோசிச்சாங்க, ப்ளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பொண்ணுங்கள எடுத்து ரெண்டு வருஷம் அவங்களே பழக்கி பவர் பாக்கறதுல இருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் விட்டாங்க. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரில கிராமத்து விஷன் சென்டருக்குன்னே ஒரு வருஷப் பயிற்சி குடுத்து ஆள் தயார் பண்ணாங்க. டிகிரிக்காரங்க சில பேர் இதெல்லாம் ஒரு படிப்பான்னு மூக்கச் சுளிப்பாங்க. எனக்கு அந்த வருத்தம் இல்ல. ரெண்டு வருஷம் ஒழுங்கா கைப்பழக்கம் வந்த பொண்ணு ஆயிரம் கண்ணு பாத்திருப்பா, எது தனக்குத் தெரியாதுன்னும் அவளுக்குத் தெரியும்.

எனக்கு வயித்தெரிச்சல் வேற ஒண்ணு. மருந்துக் கடைக்கு 1948லயே ஃபார்மஸி சட்டம் வந்துடுச்சு, நர்ஸுக்கு அதுக்கும் ஒரு வருஷம் முன்னாடி, பல் டாக்டருக்கும் 48தான். ஆப்டோமெட்ரிஸ்ட் பேரு மத்திய சட்டத்துல ஏற 2021 வரைக்கும் ஆச்சு, துணை மருத்துவத் தொழில்களுக்கான கமிஷன் சட்டம் வந்தப்பதான். டிகிரின்னா குறைஞ்சது 3600 மணி நேரப் படிப்பு, பதிவேட்டுல பேரு இருக்கணும்னு அதுல இருக்கு. சட்டம் டெல்லில வந்துடுச்சு, உங்க தெரு முனைக் கண்ணாடிக் கடைக்கு வந்து சேர நாள் ஆகும். அதுவரைக்கும் நீங்களே கேளுங்க, என்ன படிச்சிருக்கீங்க, எங்க இன்டர்ன்ஷிப் பண்ணீங்கன்னு. படிச்சவங்க கோவப்பட மாட்டாங்க, சந்தோஷமா சொல்லுவோம், எங்கள யாரும் கேக்கறதே இல்ல. கண்ணாடிய ஃப்ரேம்ல பொருத்தித் தர்ற ஆப்டீஷியன் வேற, பவர் பாக்கற ஆப்டோமெட்ரிஸ்ட் வேற, ஆபரேஷன் பண்ற கண் டாக்டர் வேற. குழந்தைக்கு முதல் கண்ணாடின்னா சொட்டு மருந்து போட்டுப் பாக்கற இடத்துக்கே போங்க, பில்லுல ஆஃபர் இருக்கான்னு அப்புறம் பாத்துக்கலாம். நாப்பது வயசுல கிட்டத்து எழுத்து தெரியல, சாளேஸ்வரம்னு ரெடிமேட் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கறவங்களும் ஒரு தடவ கண் அழுத்தத்தப் பாத்துட்டுப் போடுங்க.

அந்த இன்டர்ன் பொண்ணுக்கு அடுத்த மாசம் கோர்ஸ் முடியுது. ஒரு பெரிய கண்ணாடிக் கடையில இன்டர்வியூ போயிட்டு வந்தா. என்னம்மா கேட்டாங்கன்னேன். "ஒரு நாளைக்கு எத்தன ஃப்ரேம் வித்துத் தருவீங்கன்னு கேட்டாங்க சார்."