கதவிலுள்ள பழைய எண்ணைத் தேய்த்துவிடாதீர்கள்

பாளையங்கோட்டையில் எழுத்து வேலை செய்கிறேன். கடைப் பலகைகளை பிளெக்ஸ் விழுங்கிய பிறகு, பழைய கார்களும் என்னிடம் வருகின்றன. சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்துக் கார் ஒன்று கொட்டகையிலிருந்து வெளியே வந்தால் போதும், முதல் வேலையாகக் கதவைப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான், "அண்ணாச்சி, இதில் ஒரு நம்பர் இருந்தது. அதே மாதிரி எழுதித் தாருங்கள்" என்கிறார்கள். எதைப் பார்த்து எழுதுவது?

பந்தய எண் வெறும் அலங்காரமல்ல. இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் அது புறப்படும் நேரத்தையே குறித்தது. 1955-இல் பிரிட்டிஷ் பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸ் காலை 7.22-க்குக் கிளம்பினார், அவருடைய மெர்சிடிஸில் 722 என்று எழுதியிருந்தது.

டார்ச்சைக் கதவோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். கையால் எழுதிய எண்ணின் ஓரம் மெல்லிய வரப்பாகத் தெரியும். விரல் நுனிக்கும் தட்டுப்படும். பிரஷ் எங்கே இறங்கியது, எங்கே திரும்பியது என்பதையும் பார்க்கலாம். இடக்கதவின் 7-உம் வலக்கதவின் 7-உம் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. அந்த வேறுபாட்டைச் சரிசெய்யச் சொல்கிறவர்களிடம் நான் சண்டை போடுவதுண்டு.

ஆகவே முதலில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். மெல்லிய தாளில் வடிவத்தைப் பிரதியெடுங்கள். தாளிலுள்ள கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, அதைப் பூச்சின் மேல் வைத்து, துணியில் முடிந்த கரித்தூளால் தட்டினால், அதே வடிவம் புதுப் பூச்சிலும் இறங்கிவிடும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டைக் கரைக்கும் தின்னரை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். எனாமல் எழுத்தைச் சுருக்கி, அடியிலிருக்கும் டூகோ எனும் பழைய நைட்ரோசெல்லுலோஸ் கார்ப் பூச்சையும் கரைத்துவிடும். பூச்சைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ரப்பிங் காம்பவுண்டும் வேண்டாம்.

இன்னொரு தவறு: 1950-களின் காரில் எண்ணெய், டயர் கம்பெனிப் பெயர்களை வாரி இறைப்பது. ஃபார்முலா ஒன் பந்தயங்களில் விளம்பர வண்ணங்கள் பரவியது 1968-க்குப் பிறகுதான். அதற்கு முன் இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு என நாட்டு வண்ணங்களே இருந்தன.

ஒருநாள் கண்காட்சிக்கு ஸ்டிக்கர் ஒட்டி, நெல்லை வெயிலில் நிறுத்தாதீர்கள். உரிக்கும்போது பழைய பூச்சும் கூடவே வரலாம். தண்ணீரில் கழுவினால் போகும் போஸ்டர் கலரால் எழுதச் சொல்லுங்கள். அதையும் முதலில் மறைவான ஓரத்தில் தடவி, கறை விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.