கலரைத்தான் பார்த்தேன், சூரியனை இல்லை

இந்த வாரமும் ஒரு பையன். கொருக்குப்பேட்டையிலிருந்து அவன் அம்மா கூட்டிவந்தார். "எந்நேரமும் போன்தான் டாக்டர், பவர் ஏறிடுச்சு, கண்ணாடி எழுதிக் குடுங்க" என்றார். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டும் ஒரு வரிகூட அவனால் கூடுதலாகப் படிக்க முடியவில்லை. எழுத்தின் நடுப்பகுதி மட்டும் மறைகிறது, ஓரம் தெரிகிறது என்கிறான். விழித்திரையை ஸ்கேன் எடுத்தால் சரியாக நடுவில், பார்வை மிகக் கூர்மையாக இருக்கவேண்டிய இடத்தில், சின்னக் காயம். சூரியனைப் பார்த்தாயா என்று கேட்டால் இல்லவே இல்லை என்கிறான். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்த பிறகுதான் மொட்டை மாடி, மதிய வெயில், சயின்ஸ் கிட்டில் வந்த ப்ரிசம் (வெயிலை நிறங்களாகப் பிரிக்கும் முக்கோணக் கண்ணாடி), அதைக் கண்ணில் வைத்துச் சூரியன் பக்கம் பார்த்தது எல்லாம் வெளியே வந்தது. "சூரியனைப் பாக்கல மேடம், கலரைத்தான் பாத்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை. ப்ரிசத்துக்குள் போனால் வெயில் ஏழு நிறமாக உடைந்து பலமில்லாமல் போய்விடும் என்று நிஜமாகவே நம்பியிருக்கிறான். பக்கத்திலேயே இருந்த பெரியவர்களும் அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த நம்பிக்கையின் மேல்தான்.

ப்ரிசம் ஒளியை வளைக்கிறது, ஊதாவைக் கொஞ்சம் கூடுதலாக, சிவப்பைக் கொஞ்சம் குறைவாக. சாதாரணக் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் (ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) சிவப்புக்குச் சுமார் 1.51, ஊதாவுக்கு 1.53. அந்தச் சின்ன வித்தியாசத்தில் நிறங்கள் தனித்தனியாக விரிகின்றன, இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் விரிப்பது வேறு, வடிகட்டுவது வேறு. உள்ளே போகிற வெளிச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே மறுபக்கம் வந்துவிடுகிறது. வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரி. 60 டிகிரி ப்ரிசம் அதைச் சுமார் 2 டிகிரி நீளப் பட்டையாக இழுக்கிறது. அதாவது பிரகாசம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது, அவ்வளவுதான். கிரகணம் பார்க்கிற தரமான கண்ணாடி எவ்வளவு வெளிச்சம் விடும் தெரியுமா? அதிகம் போனால் ஒரு லட்சத்தில் மூன்று பங்கு. நான்கில் ஒன்று எங்கே, லட்சத்தில் மூன்று எங்கே! "கலர் மட்டும்தானே" என்பதும் தப்பு. விழித்திரையை அதிகம் கெடுப்பதே நீலமும் ஊதாவும்தான், அதுவும் பிள்ளைகளின் கண்ணில் உள்ள லென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவாக இருப்பதால் அந்த ஒளி இன்னும் தாராளமாக உள்ளே போகும்.

வலிக்கவில்லையே என்பார்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் நடுவில் கறை மாதிரி தெரியும், நேர்க்கோடு நெளியும். நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இதற்கு இல்லை. பலருக்குச் சில மாதங்களில் பார்வை பெருமளவு திரும்புகிறது, சிலருக்கு அந்தப் புள்ளி போவதே இல்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை.

நியூட்டன் 1666இல் இருட்டறையில் ஜன்னல் பலகையில் சின்ன ஓட்டை போட்டு, ப்ரிசம் வைத்து, நிறங்களை எதிர்ச்சுவரில் விழவைத்துப் பார்த்தார். அதே மனிதர் இளவயதில் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்த சூரியனை உற்றுப் பார்த்துவிட்டு, அந்தப் பிம்பம் கண்ணைவிட்டுப் போகாமல் மூன்று நாள் இருட்டறையில் அடைந்து கிடந்ததை 1691இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்குக் கடிதமாகவே எழுதியிருக்கிறார்.

அதனால் ப்ரிசத்தைப் பிடுங்கி ஒளித்துவைக்காதீர்கள். அட்டையில் ஒரு கீறல் போட்டு ஜன்னலில் ஒட்டி, சுவரிலோ வெள்ளைத் தாளிலோ பட்டையை விழவையுங்கள், பிள்ளையின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கட்டும். ப்ரிசம் வழியாகக் கண்ணால்தான் பார்க்கவேண்டும் என்றால் எல்இடி அல்லாத பழைய ட்யூப்லைட் இருக்கிறது, அதில் நிறங்கள் துண்டு துண்டாகத் தெரிவது இன்னும் சுவாரசியம். சூரியனைப் பார்க்க எக்ஸ்ரே பிலிம் கூடாது, கூலிங் கிளாஸ் கூடாது, சிடியில் தெரிகிற சூரியனும் கூடாது. 2019 டிசம்பர் கிரகணத்தன்று தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்களையும் சேர்த்தே சொல்கிறேன், அதுவும் கூடாது. பட்டறையில் வாங்கிவந்த வெல்டிங் கண்ணாடி 14ஆம் நம்பராக இல்லையென்றால் தொடாதீர்கள்.

டீச்சர்களே, கிட்டைக் கையில் கொடுக்கும்போது "சூரியனுக்கு நேரே கண்ணில் வைக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

ஏற்கெனவே பார்த்துவிட்டார்களா? கண்ணாடிக் கடைக்கு ஓடாதீர்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலோ விழித்திரையைக் காட்டுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எதன் வழியாகப் பார்த்தார்கள் என்பதைத் திட்டாமல் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள், அடி விழும் என்று பயந்த பிள்ளை எங்களிடமும் வாயைத் திறப்பதில்லை.