டிஸ்க் நிறைந்தால் தளம் ஏன் விழுகிறது, அதை எப்படிச் சொல்வது

தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு தளம் முடங்கினால் ‘யாரோ ஹேக் பண்ணிட்டாங்க’ என்ற பேச்சுதான் முதலில் கிளம்பும். உள்ளே போய்ப் பார்த்தால் பல நேரம் டிஸ்க் நிறைந்திருக்கும்.

டேட்டாபேஸ் எதையும் நேரடியாக அட்டவணையில் எழுதிவிடாது. போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ‘வால்’ (WAL) என்ற குறிப்பேட்டில் பதித்த பிறகே ‘சேமித்தாயிற்று’ என்று சொல்லும். நடுவில் மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்பை வைத்து மீண்டுவிடலாம். வழக்கமாக ஒவ்வொரு வால் கோப்பும் 16 எம்பி. 64 சேர்ந்தால் 1 ஜிபி. தேவை முடிந்த கோப்புகளை அதுவே கழித்துவிடும். ஆனால் நகல் சர்வர் எதுவரை வாங்கியது என்று குறித்துவைக்கும் ‘ரெப்ளிகேஷன் ஸ்லாட்’ போட்டிருந்து, அந்த நகல் நின்றுபோனால், என்றைக்காவது வந்து கேட்கும் என்று மூல சர்வர் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போகும். 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு உச்சவரம்பு உண்டு, நாமாகப் போட்டால். வால் எழுத இடமில்லை என்றதும் போஸ்ட்கிரெஸ் ‘பேனிக்’ என்று லாகில் (நடப்பதைப் பதியும் கோப்பில்) ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். லாகும் அதே டிஸ்கில் இருந்தால் அந்த வரிகூடப் பதியாமல் போகலாம்.

சில சமயம் டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று சொல்லும் ‘டிஎஃப்’ (df) கட்டளை 100 சதவீதம் காட்டும், கோப்புகளின் அளவைக் கூட்டும் ‘டியூ’ (du) போட்டால் பாதிகூட வராது. அழித்த லாக் கோப்பை ஏதோ ஒரு செயலி இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர்தான் போயிருக்கிறது, இடம் போகவில்லை. அந்தச் செயலியை ரீஸ்டார்ட் செய்தால்தான் விடும். நேர்மாறான வேடிக்கையும் உண்டு: இடம் தாராளமாக இருக்கும், ஆனாலும் ‘இடமில்லை’ என்று வரும். அப்போது ஐநோடு, அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவு இடம், தீர்ந்திருக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு ஒதுக்கும். 40 ஜிபி டிஸ்கில் சுமார் 26 லட்சம். பொடிப்பொடியான செஷன் கோப்புகள் அதைத் தின்று தீர்த்துவிடும்.

பதற்றத்தில் வால் கோப்புறையில் கைவைப்பதுதான் ஆபத்து. முன்பு அதன் பெயர் ‘பிஜி_எக்ஸ்லாக்’. ‘லாக்’ என்று இருப்பதால் குப்பை என்று நினைத்து ஆட்கள் அழித்தார்கள். அதனாலேயே 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரை ‘பிஜி_வால்’ என்று மாற்றிவிட்டார்கள். கைவைக்க வேண்டியது மென்பொருள் நிறுவியபோது இறக்கிய பழைய பேக்கேஜ் கேஷிலும் சுழற்சி முடிந்த லாகுகளிலும். இன்னும் நல்லது, 1 ஜிபி இடத்தைப் பிடிக்கும் ஒரு டம்மி கோப்பை முன்கூட்டியே போட்டுவைத்து, ஆபத்தில் அதை அழிப்பது. ரீபூட்டுக்கு முன் லாகுகளை வேறு கணினிக்கு நகலெடுங்கள். சில சர்வர்களில் சிஸ்டம் லாகான ஜர்னல் ரேமில் மட்டும் இருக்கும், ரீபூட் செய்தால் சாட்சியே போய்விடும்.

அந்த லாக் இருந்தால்தான் உறுப்பினர்களுக்கு உருப்படியாக எதையாவது சொல்ல முடியும். ‘தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்’ என்பதில் எந்தத் தகவலும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘02:14 யூடிசிக்கு டிஸ்க் நிறைந்து டேட்டாபேஸ் நின்றது. 07:40க்குத்தான் கவனித்தோம். 09:05க்கு மீண்டது. 02:14க்கு முன் பதிந்தவை பத்திரம். இடையில் அனுப்பியவை சேரவில்லை, மறுபடி அனுப்புங்கள்.’ ரீபூட் செய்தவரின் பெயர் இதில் தேவையில்லை. எழுதக் கூசும் வரி ஒன்று உண்டு: ‘ஐந்தரை மணி நேரம் எங்களுக்குத் தெரியவே இல்லை.’ சரிசெய்ய வேண்டிய இடமும் அதுதான்.

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்தார். சுமார் 300 ஜிபி. பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6, ஆகவே பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்கள் கையொப்பச் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. அதிர்ஷ்டவசமாக, வேறு வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேர டிஸ்கின் நகல்) இருந்தது. அப்படியும் சுமார் 6 மணி நேரத் தரவு போனது. இத்தனையையும் அவர்களே வெளியிட்டார்கள்.

சிறிய தளங்களிலும் இதே ஓட்டைதான். எச்சரிக்கை மெயிலை அனுப்புவதும் அதே சர்வர்; டிஸ்க் நிறைந்ததும் அந்த மெயில் வரிசையில் நிற்கக்கூட இடம் இருக்காது. டிஸ்க் 80 சதவீதம் தாண்டியதைச் சொல்லவும், பதில் வராவிட்டால் எழுப்பவும் வேறொரு கணினி வெளியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். ஏற்பாடு செய்ததும் ஒரு தடவை சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி, போன் ஒலிக்கிறதா என்று பாருங்கள்.