படம் உருள்கிறதா, சாய்கிறதா? வீட்டில் ஓடும் ஆர்கேட் போர்டின் திரைக் கோளாறுகள்

பழைய ஆர்கேட் கேம் போர்டு (கேம் கூடங்களில் காசு போட்டு ஆடிய மெஷின்களின் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை) ஒன்றை வாங்கி வீட்டு டிவியில் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் பலருக்கு முதலில் கிடைப்பது கறுப்புத் திரைதான். காயின் பட்டனை அழுத்தினால் சத்தம் வரும், ஸ்டார்ட் அழுத்தினால் இசை மாறும், படம் மட்டும் இருக்காது. உடனே போர்டு போய்விட்டது என்று சால்டரிங் அயர்னைத் தேட வேண்டாம். பட்டனுக்கு ஏற்பச் சத்தம் மாறுகிறது என்றால் உள்ளே கேம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோளாறு படம் உருவாகும் இடத்திலா, உருவான படம் திரைக்கு வரும் வழியிலா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைப் பிரித்துக் காட்டத் திரையே போதும்.

வழியை முதலில் பார்ப்போம். 1985-இல் ஜப்பானிய கேம் மெஷின் தயாரிப்பாளர்கள் சங்கம் ஜாம்மா என்ற இணைப்புத் தரத்தை வகுத்தது. போர்டின் விளிம்பில் பக்கத்துக்கு 28 ஆக 56 முனைகள். மின்சாரம், ஸ்டிக், பட்டன், ஸ்பீக்கர், படம் எல்லாம் அதன் வழியாகத்தான். படத்துக்கு ஐந்தே கம்பிகள்: சிவப்பு, பச்சை, நீலம், சிங்க், கிரவுண்ட். கேம் கூடங்களில் இருந்த பெரிய பெட்டிக்குப் பதிலாக வீட்டில் சூப்பர்கன் என்ற சிறு கருவி இந்த முனைகளோடு இணைந்து, போர்டுக்கு மின்சாரம் கொடுத்து, படத்தை டிவிக்கு அனுப்பும். கனெக்டரைத் தலைகீழாகச் செருகிவிடக் கூடாது. மின்சாரம் தவறான முனைகளுக்குப் போய்ச் சிப்புகள் எரிந்துவிடலாம்.

இந்த ஐந்து கம்பிகளில் அதிகம் தொல்லை தருவது சிங்க். போர்டு ஒரு முழுப் படத்தை ஒரே நேரத்தில் அனுப்புவதில்லை. இடமிருந்து வலமாக ஒரு கோடு, அதற்குக் கீழே அடுத்த கோடு என்று நொடிக்குச் சுமார் 15,700 கோடுகளை அனுப்புகிறது. ஏறத்தாழ 262 கோடுகள் சேர்ந்தால் ஒரு படம், நொடிக்குச் சுமார் 60 படம். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது வெறும் 64 மைக்ரோநொடி. நிறக் கம்பிகள் மூன்றும் எவ்வளவு வெளிச்சம் என்று மட்டுமே சொல்லும். ‘கோடு முடிந்தது, இடப்பக்கம் திரும்பு’, ‘படம் முடிந்தது, மேலே போ’ என்ற இரண்டு கட்டளைகளும் ஒரே சிங்க் கம்பியில் வருகின்றன.

ஆகவே படம் மேலும் கீழுமாக உருண்டுகொண்டே இருந்தால் இரண்டாவது கட்டளை திரைக்குப் புரியவில்லை என்று பொருள். படம் குறுக்காகச் சாய்ந்து பட்டை பட்டையாகக் கிழிந்தால் முதல் கட்டளை தவறுகிறது. வெள்ளையான காட்சி வரும்போது மட்டும் படத்தின் மேல்பகுதி வளைகிறதா? கிரவுண்ட் கம்பியைப் பாருங்கள். நிறங்களின் மின்னோட்டமும் சிங்க்கின் மின்னோட்டமும் அதே கம்பி வழியாகத்தான் திரும்புகின்றன. அதன் இணைப்பு மோசமாக இருந்தால், வெளிச்சம் கூடும்போதெல்லாம் சிங்க்கின் மட்டம் ஆடும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்கப் பிக்சர் டியூப் உள்ள பழைய டிவிதான் வசதி. சிங்க் தப்பாக இருந்தாலும் அது எதையாவது வரைந்து காட்டிவிடும். இன்றைய டிவி அப்படியில்லை. வருகிற சிக்னலை முதலில் அளக்கும், தனக்குத் தெரிந்த அளவுகளில் அது இல்லாவிட்டால் ‘சிக்னல் இல்லை’ என்று எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். சிறு கோளாறுக்கும் பெரிய கோளாறுக்கும் அது சொல்வது ஒரே பதில். கம்ப்யூட்டர் மானிட்டர் இதிலும் கறார். விஜிஏ என்ற பழைய கம்ப்யூட்டர் இணைப்பு உள்ள திரைகளில் பெரும்பாலானவை நொடிக்கு 31,000 கோடுகளுக்குக் குறைந்த எதையும் ஏற்பதில்லை. நிறக் கம்பிகளை விஜிஏ சாக்கெட்டில் சரியாகவே பற்றவைத்துவிட்டு, ஏன் படம் வரவில்லை என்று மண்டையைக் குடைந்துகொள்பவர்கள் ஏராளம்.

அதற்குத்தான் நடுவில் ஒரு ஸ்கேலர், சிக்னலை இன்றைய டிவிக்கு ஏற்ற அளவுக்கு மாற்றித்தரும் கருவி. ஓஎஸ்எஸ்சி போன்ற கருவிகள் ஒவ்வொரு கோட்டையும் இரண்டாகவோ ஐந்தாகவோ பெருக்கி எச்டிஎம்ஐ வழியாக அனுப்புகின்றன. ஆனால் ஓஎஸ்எஸ்சி முழுப் படத்தைச் சேமித்து வைப்பதில்லை. போர்டு நொடிக்கு எத்தனை படம் தருகிறதோ அத்தனைதான் டிவிக்கும் போகும். ஆர்கேட் போர்டுகள் 60-ஐ அப்படியே பின்பற்றுபவை அல்ல. கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 போர்டு ஏறத்தாழ 59.6, நியோ ஜியோ போர்டு 59.2, ஐரெம் நிறுவனத்தின் ஆர்-டைப் கேம் 55, மார்டல் காம்பாட் கேம் 54.7. முதல் இரண்டைப் பெரும்பாலான டிவிகள் பொறுத்துக்கொள்ளும். 54.7 வரும்போது சில டிவிகள் கறுத்துவிடும். ஒரு போர்டு அழகாக ஓடி, அதே கம்பியில் இன்னொரு போர்டு ஓடாவிட்டால் முதல் சந்தேகம் இதுதான். படத்தைச் சேமித்து 60-க்கு மாற்றித்தரும் ஸ்கேலர்களும் உண்டு. விலையாக, பட்டனுக்கும் அடிக்கும் நடுவே சிறு தாமதம் வரும். சண்டை கேம் ஆடுபவர்கள் இதை மன்னிக்க மாட்டார்கள்.

வோல்ட் அளவிலும் சிக்கல் இருக்கிறது. வீட்டு டிவியின் நிற உள்ளீடு 75 ஓம் தடையில் 0.7 வோல்ட்டை எதிர்பார்க்கிறது. ஆர்கேட் மானிட்டர்களுக்கென்று செய்த போர்டுகள் சில, மூன்று நான்கு வோல்ட் வரைகூட அனுப்பும். நேரடியாகக் கொடுத்தால் படம் வெளிறும். மேகத்தின் நிழலும் முகத்தின் நிழலும் ஒரே வெள்ளையாகக் கரைந்துவிடும், உள்ளீடே பழுதாகவும் வாய்ப்புண்டு. சிங்க் கம்பியில் வருவது சுமார் 5 வோல்ட். அதன் வழியில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்தால், 75 ஓம் உள்ளீட்டில் சுமார் 0.7 வோல்ட்தான் மிஞ்சும். நல்ல சூப்பர்கன்னில் இந்த வேலைகள் எல்லாம் உள்ளேயே முடிந்திருக்கும். மலிவானதில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், திறந்து பாருங்கள். படம் மங்கினால் நேர்மாறாக யோசிக்க வேண்டும். ஒரே சிக்னலை இரண்டு திரைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் அளவு அப்படித்தான் சரியும்.

ஒரு நிறம் மட்டும் காணாமல் போவது எளிய கேஸ். வெள்ளை எழுத்து மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை, ஊதாச் சிவப்பாகத் தெரிந்தால் பச்சை இல்லை, வெளிர்நீலப் பச்சையாக இருந்தால் சிவப்பு இல்லை. நாற்பது வருட அழுக்குப் படிந்த விளிம்பு முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்தாலே பல நேரம் நிறம் திரும்பிவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால் மல்டிமீட்டரை எடுத்து, போர்டுக்குப் போகும் 5 வோல்ட் மின்சாரத்தை அளந்திருக்க வேண்டும். சப்ளையில் அளந்தால் போதாது, மெல்லிய கம்பியில் கொஞ்சம் வோல்ட் தொலைந்துபோகும். போர்டிலேயே, ஏதாவது சிப்பின் காலில் அளக்க வேண்டும். அந்தக் காலத்து 74எல்எஸ் வகைச் சிப்புகளுக்கு 4.75-லிருந்து 5.25 வரைதான் கணக்கு. அதற்குக் கீழே போனால் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும், திரையில் குப்பை எழுத்துகள் வரும், ராம் என்ற தற்காலிக நினைவகச் சிப்பு பழுதோ என்று தோன்றும். சப்ளையில் உள்ள திருகைக் கொஞ்சம் திருப்பினால் தீர்ந்துவிடும். பழைய டிவியின் உள்ளே மட்டும் கை வைக்கக் கூடாது. அணைத்த பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

வோல்ட் சரி, படமும் ஆடாமல் நிற்கிறது, ஆனால் படத்துக்குள் தப்பு என்றால் வழியில் கோளாறு இல்லை. பின்னணி சரியாக இருந்து ஆட்கள் மட்டும் காணாமல் போனாலோ, உருவங்களின் மேல் செங்குத்துக் கோடுகள் விழுந்தாலோ, நிறங்கள் இடம் மாறினாலோ அது போர்டின் ராம், அதிலிருந்து படம் வரையும் சிப்புகள், உருவங்களை நிரந்தரமாகச் சேமித்த ரோம் சிப்புகள் ஆகியவற்றின் பிரச்சினை. டெஸ்ட் சுவிட்ச் உள்ள போர்டுகளில் அதைப் போட்டுப் பார்த்தால் எந்தச் சிப்பு தேறவில்லை என்று பெரும்பாலும் அதுவே எழுதிக் காட்டும். படம் மொத்தமாகப் பக்கவாட்டில் படுத்திருந்தால் பதற வேண்டாம், நெட்டுக்குத்தாக நிறுத்திய மானிட்டருக்கென்று செய்த கேம் அது.

1993-இல் வந்த சிபிஎஸ்-2 போர்டு மட்டும் எல்லாரையும் ஏமாற்றும். முழுத்திரையும் ஒரே நிறத்தில் உறைந்து நிற்கும். சிங்க் சரி, வோல்ட் சரி, ராமும் சரி. செத்தது ஓரத்தில் இருக்கும் சிறிய பேட்டரி. கேமின் புரோகிராம் பூட்டப்பட்டிருக்கும், திறவுகோல் அந்தப் பேட்டரி காக்கும் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். பேட்டரி தீர்ந்தால் திறவுகோல் அழியும், புரோகிராம் ஓடாது, வரைய எதுவும் இராது. 2007-இல் அந்தப் பூட்டின் கணக்கை ஆர்வலர்கள் உடைத்தார்கள். 2016-இல் அழிந்த திறவுகோலைப் போர்டிலேயே திரும்ப எழுதும் வழியும் வெளியானது. இப்போது சிறு மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை இணைத்து அதைச் செய்துவிடுகிறார்கள்.