பத்து வருட முன்னேற்றம் எங்கே போனது?

ஒரு தேடுபொறி நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க, நாலு கேள்வி கேட்டுப் பார்த்தால் போதாது. சரியான விடை எது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு விமானவியல் கல்லூரியில் நூலகராக இருந்த சிரில் கிளெவர்டன் 1960களில் இதற்கு வழி செய்தார். 1,400 விமானவியல் கட்டுரைகள், ஒரு கட்டுக் கேள்விகள், எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டுரை பொருந்தும் என்ற பட்டியல். இந்த மூன்றும் கையில் இருந்தால் எந்தத் தேடுபொறிக்கும் ஒரே பரீட்சையை வைக்கலாம்.

அமெரிக்க அரசின் தர ஆய்வு அமைப்பான நிஸ்ட், 1992 முதல் 'டிரெக்' என்ற பெயரில் இதையே பெரிய அளவில் நடத்தியது. 1999-ல் வைத்த ஒரு பரீட்சையில் 50 கேள்விகள், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள். அத்தனையையும் யார் உட்கார்ந்து படிப்பது? அதனால் பங்கேற்ற தேடுபொறிகள் தந்த முதல் 100 விடைகளை ஒன்றாகக் கொட்டி, திரும்ப வந்தவற்றைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் படித்தார்கள். அப்படியும் 86,830 தீர்ப்புகள் எழுத வேண்டியிருந்தது. அந்தக் குவியலுக்குள் வராத ஆவணம் பொருந்தாதது என்றே கணக்கு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

சரி, மதிப்பெண் எப்படிப் போடுவது? ஒரு கேள்விக்குச் சரியான ஆவணங்கள் மூன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் தேடுபொறி அவற்றை 1, 3, 6 ஆகிய இடங்களில் காட்டுகிறது. ஒவ்வொரு சரியான விடையிலும் நின்று, 'இதுவரை பார்த்ததில் எத்தனை பங்கு சரி?' என்று கேட்க வேண்டும். 1/1, 2/3, 3/6. சராசரி 0.72. இன்னொன்று 2, 3, 4 ஆகிய இடங்களில் காட்டுகிறது. 1/2, 2/3, 3/4. சராசரி 0.64. இரண்டாவது மூன்றையும் சீக்கிரமே காட்டி முடித்துவிட்டது, ஆனாலும் முதலிடத்தைக் கோட்டை விட்டதால் பின்தங்குகிறது.

ஒரு தேடுபொறி எல்லாக் கேள்விகளுக்கும் தந்த விடைப்பட்டியலை 'ரன்' என்பார்கள். வெறும் உரைக்கோப்புதான், வரிக்கு ஆறு பத்தி. இரண்டாவது பத்தியில் எப்போதும் 'கியூ0' என்று இருக்கும். அதனால் இன்று ஒரு பயனும் இல்லை, ஆனாலும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ரன்கள் பொதுவில் கிடைத்தும் பலர் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2009-ல் ஆர்ம்ஸ்ட்ராங், மொஃபாட், வெபர், ஸோபெல் என்ற நான்கு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 1998 முதல் 2008 வரை முக்கியக் கருத்தரங்குகளில் வந்த கட்டுரைகளைப் புரட்டினால், ஏராளமான கட்டுரைகள் 'எங்கள் முறை மேம்பட்டது' என்கின்றன. எதைவிட மேம்பட்டது? பெரும்பாலும் அவர்களே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்ட நோஞ்சான் முறையைவிட. அந்த முறைகள் பலவும் பழைய டிரெக் பட்டியலின் நடுமட்டத்துக்குக் கீழே இருந்தன. பழைய சிறந்த ரன்னைத் தாண்டியவை ஒரு கைப்பிடிதான். மொத்தத்தில் பத்து வருடத்தில் துறை நகர்ந்ததற்குச் சான்று மிகக் குறைவு. யாரும் ஏமாற்றவில்லை, அவரவர் தன் வீட்டு அளவுகோலாலேயே அளந்துகொண்டார்கள்.

அதற்கு மருந்தாக அவர்கள் அமைத்ததுதான் 'இவேலுவேட் ஐஆர்' என்ற இணையக் கருவி. நம் ரன்னை ஏற்றினால் டிரெக்கின் பழைய ரன்களோடு வரிசையில் நிறுத்திக் காட்டியது. இதே குழுவில் மூவர் மதிப்பெண்ணைச் சமன்படுத்தவும் ஒரு முறை சொல்லியிருந்தார்கள். கஷ்டமான கேள்வித்தாளில் வாங்கிய 60, சுலபமானதில் வாங்கிய 85-ஐவிடப் பெரிதல்லவா? அதனால் அந்தக் கேள்வியில் எல்லா ரன்களும் பெற்ற சராசரியைக் கழித்து, அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதால் வகுக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கேள்விவாரியான ஒப்பீடு. சராசரி லேசாக ஏறியிருக்கும், ஆனால் 50 கேள்விகளிலும் பழைய தேடுபொறிக்கும் புதியதற்கும் உள்ள மதிப்பெண் வித்தியாசத்தைத் தனித்தனிக் கோடுகளாகப் போட்டால் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை கீழே தொங்கலாம். ஆகக் கீழே தொங்கும் கேள்வியைத் திறந்து, மதிப்பெண் எங்கே போனது என்று தேடுங்கள். புதிய தேடுபொறி முதலிடத்தில் வைத்த ஆவணத்தை 1999-ல் யாருமே படித்திருக்க மாட்டார்கள், அது குவியலுக்குள் வரவே இல்லை. இப்போது எடுத்துப் படித்தால் சில சமயம் அதுவே சரியான விடையாக இருக்கும். மதிப்பெண் மட்டும் பூஜ்யம்.