நீர்த்த கஞ்சி போதாது: ஏ.எல்.எஸ். நோயாளியின் எடையைக் காக்க

"கஞ்சிதான் மேடம் கொடுக்கிறேன். அதுதான் எளிதாக இறங்குகிறது" என்றார் அந்த அம்மா. தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோயான ஏ.எல்.எஸ். என்று தெரிந்து எட்டு மாதமான கணவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார். 62 கிலோ இருந்தவர் 55 ஆகியிருந்தார்.

உணவு ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. காய்ச்சல் என்றாலே அடுப்பில் கஞ்சி ஏற்றிப் பழகிய வீடுகள் நம்முடையவை. ஆனால் இந்த நோயில் நீர்த்த கஞ்சி இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. வயிறு நிறைகிறது, கலோரி சேர்வதில்லை. அதோடு, பலவீனமான தொண்டைத் தசைகள் சுதாரிக்கும் முன்பே நீர் மூச்சுக்குழாய்க்குள் வழிந்துவிடுகிறது. கெட்டியான உணவைவிடத் தண்ணீர்தான் எளிதில் புரையேறும் என்றால் பலர் நம்புவதே இல்லை.

தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிவதால் தசை கரைகிறது. போதாக்குறைக்கு, நோயாளிகள் பலரின் உடல் ஓய்வில் இருக்கும்போதே வழக்கத்தைவிட அதிக ஆற்றலை எரிக்கிறது. எடை வேகமாகக் குறைபவர்களுக்கு நோயும் வேகமாக முற்றுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே "கொழுப்பு ஆகாது" என்ற பழைய கட்டுப்பாட்டை இங்கே மறுபடி யோசிக்க வேண்டும். சர்க்கரை நோயும் இருந்தால், சாப்பாட்டைக் குறைப்பதற்குமுன் மருந்தை மாற்றியமைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அவர்கள் வீட்டுச் சமையலையே கொஞ்சம் திருத்தினோம். குழைந்த சோற்றில் பருப்பை மசித்து நெய் விடச் சொன்னேன். ஒரு தேக்கரண்டி நெய்யில் சுமார் 45 கலோரி. மூன்று வேளையும் இரண்டிரண்டு தேக்கரண்டி சேர்த்தால், ஒரு கவளம்கூடக் கூடாமல் 270 கலோரி கிடைக்கும். கேழ்வரகுக் கூழைப் பாலில் கெட்டியாகக் காய்ச்சலாம். கெட்டித்தயிர், மசித்த நேந்திரம்பழம் நல்லவை. தாளிப்பை நிறுத்தச் சொன்னபோது அந்த அம்மா தயங்கினார். கடுகும் கறிவேப்பிலையும் தொண்டையில் ஒட்டி இருமலைக் கிளப்பும். நீரும் பருக்கையும் தனித்தனியே நிற்கும் ரசஞ்சோறும் ஆபத்துதான். எந்தப் பதம் அவருக்குப் பாதுகாப்பானது என்பதை விழுங்குதல் சிகிச்சையாளர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் அது மாறும்.

சாப்பாடு அரை மணி நேரத்தைத் தாண்டினால் களைப்பே பசியை அடக்கிவிடும். சிறு அளவில் ஆறு வேளையாகக் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கட்டும், தொலைக்காட்சி வேண்டாம். நோயின் வேகத்தைக் குறைக்கத் தரப்படும் ரிலுசோல் மாத்திரையை மட்டும் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் கழித்தோ கொடுக்க வேண்டும்.

மாதந்தோறும் எடை பாருங்கள். நிற்க முடியாதவரை அரிசி மண்டியின் மேடைத் தராசில் நாற்காலியோடு நிறுத்து, நாற்காலியின் எடையைக் கழித்துவிடலாம்.

எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், வயிற்றில் நேரடியாக உணவு செலுத்தும் குழாய் பொருத்துவது பற்றி நரம்பியல் மருத்துவரிடம் உடனே பேசுங்கள். மூச்சுத்திறன் பாதி அளவுக்கும் கீழே போவதற்குள் அதைப் பொருத்துவதே பாதுகாப்பானது. அந்தக் கணவருக்கும் குழாய் வைத்தாயிற்று. விழுங்குதல் சிகிச்சையாளர் அனுமதித்த அளவில், நெய் மணக்கும் பருப்புச்சோறு இரண்டு கரண்டியை இன்னமும் வாயால் சாப்பிடுகிறார்.