புட்டிக்குள் முளைக்கும் இஞ்சி

பகாங் மாநிலத்துப் பெந்தோங் வட்டாரத்தில் சாயா கடையிலும் இஞ்சி, அங்காடியிலும் இஞ்சி. பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த நம் வீடுகளில் அது பாதி சமையல், காய்ந்து சுக்கானால் பாதி மருந்து.

அந்த இஞ்சி அபூர்வமாகப் பூத்தாலும் விதை வைப்பதில்லை. போன பருவத்துக் கிழங்கை நறுக்கித்தான் புதைக்க வேண்டும். கிழங்கோடு வாடல் நோயும் அடுத்த நிலத்துக்குக் குடிபெயர்கிறது. ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிட, நன்றாக நின்ற பாத்தி சில நாட்களில் சாய்ந்துவிடும்.

ஆனால் முளையின் உச்சியில், குண்டூசித் தலையைவிடச் சிறிய குருத்துப் பகுதிக்குள் நீர்க்குழாய்கள் இன்னும் எட்டியிருப்பதில்லை. குழாய் வழியே பரவும் கிருமிக்கு அங்கே போகப் பாதை குறைவு. திசு வளர்ப்பு அந்த இடத்தைத்தான் தேடிப் போகிறது. முளையைக் கழுவி, ஆல்கஹாலிலும் சலவை வெளுப்பானிலும் முக்கி, மேல் உறைகளை ஒவ்வொன்றாக உரித்து, குருத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புட்டியில் நடுகிறார்கள்.

புட்டியில் மண் கிடையாது. தீபாவளிக்கு நாம் காய்ச்சும் அதே அகர் அகர்தான் அடியில் உறைந்திருக்கும் (உலகத்து ஆய்வகங்கள் எல்லாம் மலாய்க்காரர்களிடம் கடன் வாங்கிய சொல் அது). அதில் சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்திருக்கும். உப்புகளின் அளவு, 1962இல் முராஷிகே, ஸ்கூக் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் புகையிலைத் திசுவுக்காக வகுத்தது. சர்க்கரை இருந்தால் பூஞ்சைக்கும் விருந்துதான். ஆகவே எல்லாவற்றையும் பிரஷர் குக்கர் போன்ற கலனில் 121 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் அவிக்கிறார்கள்.

சைட்டோகைனின் என்ற வளரூக்கி தூக்கலாக இருந்தால் குருத்து பக்கத் தளிர்களை விடுகிறது. பிறகு ஆக்சின் என்ற இன்னொரு வளரூக்கியின் கை ஓங்கினால் வேர் இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று நான்காகிறது என்று வைத்துக்கொண்டால், ஆறே சுற்றில் 4,096 செடிகள்.

திசுவை உருவமற்ற கட்டியாகப் பெருக்கி, அதிலிருந்து செடிகளை எழுப்பும் வழியும் உண்டு. அதில் எனக்குத் தயக்கம் உண்டு, காரணம் செம்பனை. அப்படி எழுந்த மரங்களில் சில, நன்றாக வளர்ந்துவிட்டு, கோணல் பழம் தந்தன. நட்டு ஆண்டுகள் கழித்தல்லவா குலை தெரியும்! 2015இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய அறிவியலாளர்கள் காரணத்தை வெளியிட்டார்கள்: ஒரு டிஎன்ஏ துண்டின் மேல் இருக்க வேண்டிய வேதி அடையாளம் வளர்ப்பின்போது உதிர்ந்திருந்தது. அந்தத் துண்டின் பெயர் ‘கர்மா’. நான் வைத்த பெயரல்ல. குருத்திலிருந்து நேராகத் தளிர் எடுத்தால் இத்தகைய பிறழ்வு குறைவு.

புட்டியை விட்டு வெளியே வரும் வாரம்தான் கண்டம். உள்ளே எப்போதும் ஈரக்காற்று என்பதால் இலையில் மெழுகுப்பூச்சு சரியாகப் படிவதில்லை, இலைத்துளைகளுக்கு மூடவும் தெரியாது. நேரே வெயிலில் வைத்தால் மாலைக்குள் வதங்கிவிடும். பிளாஸ்டிக் மூடாக்கின் கீழ் நிழலில் வைத்து, ஈரத்தை நாளுக்கு நாள் குறைக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகு முதல் அறுவடையில் கிழங்கு சிறுத்தே இருக்கும். அதை அங்காடிக்கு அனுப்பாமல் விதை இஞ்சியாக மறுபடி நட வேண்டும், அதுவும் நோய் காணாத நிலத்தில். புட்டி தருவது சுத்தமான செடியை. எதிர்ப்புச் சக்தியை அது தருவதில்லை.